மலையைப் பார்த்த ஆன்டெனா

ஜூன் 19, வெள்ளி

வீட்டுக்கு டெலிவிஷன் வாங்குவது என்று இன்று முடிவு செய்தேன். ஓய்வு பெற்ற மனிதனுக்கு உலக நடப்பு தெரிந்திருக்க வேண்டும். சப்-ரிஜிஸ்திராராக உட்கார்ந்து வாழ்நாள் முழுக்க அடுத்தவர் நிலத்தின் நான்கு எல்லைகளையே வாசித்துக்கொண்டிருந்தாயிற்று. இனி எல்லைக்கு அப்பாலும் கொஞ்சம் பார்க்கலாம்.

காலையில் எதிர்வீட்டுத் தங்கப்பழம் வந்திருந்தார். அரிசி மண்டி வைத்திருப்பவர். எந்தச் செய்தியும் அவர் வயிற்றில் ஒரு வேளைக்கு மேல் தங்காது.

"அண்ணாச்சி, சேதி தெரியுமா? நம்ம காந்திமதி மெட்ராஸ் டிவியில வருதாம்லா. 'அடுத்து வருவது இன்ன நிகழ்ச்சி'ன்னு வந்து சொல்லுதாம். வெள்ளிக்கிழமை தோறும். என் மச்சினன் கண்ணால பாத்துட்டு வந்து சொன்னான். கொடைக்கானல்ல புதுசா கோபுரம் வச்சிருக்கான்லா, இனி இங்க இருந்தே பாக்கலாம்."

நான் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "எந்தக் காந்திமதி?" என்று கேட்டேன்.

காந்திமதி என் ஒரே மகள். சென்ற தை மாதம் மெட்ராஸில், கூட வேலை பார்த்த ஜெரால்டு என்ற பையனை ரிஜிஸ்டர் கல்யாணம் செய்துகொண்டாள். அவன் நம் சாதியும் இல்லை, நம் சாமியும் இல்லை. இதுபோல எத்தனையோ ஜோடிகளுக்கு நானே கையெழுத்துப் போட்டுப் பதிவு செய்து, நன்றாக இருங்கள் என்று வாயார வாழ்த்தியும் அனுப்பியிருக்கிறேன். அது சர்க்கார் உத்தியோகம். இது என் வீடு. கல்யாணச் சேதி வந்த அன்று நடுத்தெருவில் நின்று, உயிர் உள்ளவரை அவள் முகத்தில் விழிக்க மாட்டேன் என்று சொன்னேன். தெருவே சாட்சி. சாட்சி வைத்துச் செய்ததை லேசில் ரத்து செய்ய முடியாது.

தங்கப்பழம் காலையில் சொன்னார். நான் மத்தியானம் முடிவு செய்தேன். இரண்டுக்கும் சம்பந்தமில்லை.

ஜூன் 20, சனி

இசக்கிமுத்துவின் ரேடியோ கடைக்குப் போனேன். பெட்டி வாங்குவதில் பெரிய யோசனை இல்லை. கறுப்பு வெள்ளையில் கனமாக இருப்பதைக் கொடு என்றேன். யோசனையெல்லாம் மொட்டைமாடியில் நிறுத்துகிற ஆன்டெனாவில்தான்.

"கொழும்புக்கா, கொடைக்கானலுக்கா சார்வாள்?" என்று கேட்டான்.

தூத்துக்குடியில் எல்லோரும் கொழும்பு டிவிதான் பார்க்கிறார்கள். நடுவில் கடலைத் தவிர ஒன்றுமில்லை. நாலு குச்சி வைத்த சின்ன ஆன்டெனாவைக் கடலைப் பார்க்க நிறுத்தினால் படம் தானாக வந்து விழும். சந்தாவும் கிடையாது, கட்டணமும் கிடையாது. சிங்களம் புரியாவிட்டாலும் கிரிக்கெட் புரியும். கொடைக்கானல் நேர் எதிர்த் திசை. அதற்கு நீளமான ஆன்டெனா, நிறையக் குச்சி, உயரமான குழாய், போதாததற்குப் படத்துக்குப் பலம் கூட்ட பூஸ்டர் என்று ஒரு டப்பா.

"கொடைக்கானலுக்கு" என்றேன்.

"ஊரே கொழும்பு பாக்கு. சார்வாள் மட்டும் ஏன் மலைக்குப் போறிய?"

"மெட்ராஸ் நிகழ்ச்சி அங்கேருந்துதான வருது. விவசாய நிகழ்ச்சி பாக்கணும்."

"சார்வாளுக்கு நிலம் எங்க இருக்கு?"

"நிலம் இல்ல."

"பெறவு?"

"தெரிஞ்சு வச்சுக்கிடுததுல தப்பில்ல" என்றேன். அவன் கடையில் இருப்பதிலேயே நீளமானதை எடுத்துக் காட்டினான். நீளத்தைப் பற்றி நிறையச் சொன்னான். அது எப்படி வேலை செய்கிறது என்று கேட்டதற்கு, "அது பாட்டுக்குச் செய்யும்" என்றான். எதையும் விசாரிக்காமல் வாங்குகிற ஆள் நான் இல்லை. யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன்.

ஜூன் 23, செவ்வாய்

இரண்டு தெருக்களில் ஆன்டெனா வைத்திருக்கும் வீடுகளுக்கெல்லாம் ஏறி இறங்கி விசாரித்தேன். தன் ஆன்டெனாவைக் குறை சொல்கிறவர் ஒருவரும் இல்லை. ஒரு வீட்டில் திரையில் எல்லோரும் இரட்டை இரட்டையாகத் தெரிந்தார்கள். கேட்டால், "கொழும்புக்காரன் அப்படித்தான் எடுப்பான்" என்கிறார் வீட்டுக்காரர். இன்னொரு வீட்டில் ஆன்டெனாவின் நடுவில் இட்லித் தட்டைக் கட்டியிருந்தார்கள். படம் துல்லியமாக வருமாம். இட்லி எதில் அவிக்கிறீர்கள் என்று கேட்டேன். அன்றிலிருந்து தோசைதானாம்.

தங்கப்பழம் வீட்டு ஆன்டெனாவில் கருவாடு காய்ந்துகொண்டிருந்தது. படம் நன்றாகத்தான் இருந்தது.

ஜூன் 27, சனி

இன்று சாப்பிடும்போது உலகம்மாள் கேட்டாள். உலகம்மாள் என் மனைவி. அதிகம் பேச மாட்டாள். பேசினால் சாப்பாடு இறங்காது.

"ஆன்டெனா எப்போ வாங்கப் போறிய? ஆடி பொறந்துட்டா ஒண்ணும் வாங்க முடியாது. முன்னாடியே வாங்கிருங்க."

"வில்லங்கம் பாக்காம எதையும் வாங்க மாட்டேன்னு உனக்குத் தெரியாதா?"

"தெரியாம என்ன? அவளுக்கு மாப்பிள்ளை பாக்கும்போதும் இதத்தான் சொன்னிய. ஒருத்தனுக்கு மூக்கு சரியில்ல, ஒருத்தனுக்கு அவன் சித்தப்பா சரியில்ல. நீங்க வில்லங்கம் பாத்து முடிக்கதுக்குள்ள அவ கிரயமே முடிச்சுட்டா."

எனக்குப் பதில் இருந்தது. வாயில் சோறு இருந்ததால் சொல்லவில்லை. அந்தச் சித்தப்பா உண்மையிலேயே சரியில்லை.

ஜூன் 28, ஞாயிறு

இன்று முழுவதும் ஆன்டெனாவைப் பற்றி நினைக்கவில்லை. பூஸ்டரைப் பற்றி மட்டும்தான்.

ஜூலை 4, சனி

வாங்கியாயிற்று. இருப்பதிலேயே நீளமானதுதான்.

நல்ல நேரம் பார்த்து மொட்டைமாடியில் குழாயை நிறுத்தினோம். உலகம்மாள் குழாய்க்குச் சந்தனம் குங்குமம் வைத்து, பூஸ்டரில் எலுமிச்சம்பழம் கட்டினாள். பூஸ்டரில் கட்டினால் படம் தடைப்படுமோ என்று கேட்டேன். "ஒரு பழத்துக்கே தடைப்படுத ஆன்டெனா, மலையில இருந்து வார படத்த எப்படிப் பிடிக்கும்?" என்றான் இசக்கிமுத்து. நியாயமாகப் பட்டது.

அவன் மேலே நின்று குழாயைத் திருப்ப, நான் மாடிப்படியில் நிற்க, உலகம்மாள் கீழே பெட்டி முன்னால் உட்கார்ந்திருந்தாள். "தெரியுதா?" என்பான் அவன். "தெரியுதா?" என்பேன் நான். "தெரியல" என்பாள் அவள். "தெரியல" என்பேன் நான். தெருவில் மற்ற வீட்டில் இப்படிக் கத்தும்போது காட்டுக் கூச்சலாக இருக்கும். நம் வீட்டில் கத்தும்போது அப்படித் தோன்றவில்லை.

கடைசியில் தெரிந்தது. ஒருவர் நிலக்கடலைச் செடியைப் பிடுங்கிக் காட்டிக்கொண்டிருந்தார். பார்க்கப் பார்க்க எனக்கே நிலக்கடலை மேல் ஒரு மரியாதை வந்துவிட்டது.

குழாயைப் பிடித்திருக்கும் கிளாம்பை இசக்கிமுத்து நன்றாக இறுக்கினான். "ஆடிக் காத்துக்கும் அசையாது. இனி யாரும் கை வைக்காதிய சார்வாள்" என்று சொல்லிவிட்டுப் போனான்.

ஜூலை 5, ஞாயிறு

விடிந்ததும் மாடிக்குப் போய்ப் பார்த்தேன். பார்த்த பிறகுதான் விபரீதம் புரிந்தது.

தெருவில் இருக்கிற அத்தனை ஆன்டெனாவும் கடலைப் பார்க்கிறது. நம் வீட்டு ஆன்டெனா மட்டும் அவர்களுக்கெல்லாம் முதுகைக் காட்டிக்கொண்டு மலையைப் பார்க்கிறது. அதுவும் எல்லாவற்றையும் விட உயரத்தில் நின்று, குங்குமப் பொட்டோடு. இந்த ஆவுடையப்பன் மெட்ராஸ் டிவிதான் பார்க்கிறான் என்று தண்டோரா போட்டாலும் இவ்வளவு தெளிவாகத் தெரியாது. மெட்ராஸ் டிவியில் யார் வருகிறாள் என்பது தங்கப்பழத்தின் தயவில் தெருவுக்கே தெரியும்.

கோயிலுக்குப் போகிறவர்கள் ஒவ்வொருவராக அண்ணாந்து பார்த்தார்கள். "என்ன அண்ணாச்சி, திரும்பி நிக்கி?" என்று ஒருவர் கேட்டார். காற்றில் திரும்பியிருக்கும் என்றேன். தங்கப்பழம் மட்டும் ஒன்றும் கேட்கவில்லை. ஆன்டெனாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு போய்விட்டார். அதைத்தான் பொறுக்க முடியவில்லை.

மத்தியானம் தெருவில் ஆள் நடமாட்டம் குறைந்ததும் ஸ்பேனரோடு ஏறினேன். கிளாம்பைத் தளர்த்தி ஆன்டெனாவைக் கடல் பக்கம் திருப்பிவிட்டேன். இப்போது பார்ப்பதற்கு ஊரோடு ஒத்துப் போகிறது.

ஜூலை 9, வியாழன்

ஒழுங்கு ஒன்று ஏற்பட்டுவிட்டது. பகலில் கடல். பொழுது சாய்ந்து ஆன்டெனாக்கள் கண்ணுக்குத் தெரியாமல் போனதும் மலை. நிகழ்ச்சி முடிந்ததும் மறுபடி கடல். தினம் தளர்த்தித் தினம் இறுக்கியதில் கிளாம்பின் மரை தேய்ந்துவிட்டது. பழைய வேட்டியைக் கிழித்துச் சுற்றி, மேலே தேங்காய்க் கயிற்றால் கட்டியிருக்கிறேன். மேற்குக் காற்றும் ஆரம்பித்துவிட்டது.

"பேசாம ஒரு பக்கமா நிக்கவிட்டா என்ன?" என்று உலகம்மாள் கேட்டாள். பொம்பளைக்கு இதெல்லாம் புரியாது என்றேன். "எதெல்லாம்?" என்று கேட்டாள். நான் மாடிக்குப் போய்விட்டேன்.

விவசாய நிகழ்ச்சியைத் தவறாமல் பார்க்கிறேன். பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டபடியால் பார்த்தாக வேண்டியிருக்கிறது. நெல்லில் குருத்துப் பூச்சி எப்போது வரும் என்று இன்று தங்கப்பழத்திடம் சொன்னேன். ரொம்ப உபகாரம் என்றார்.

ஜூலை 10, வெள்ளி

சாயங்காலம் மின்வெட்டு.

எனக்கு இதில் நஷ்டம் ஒன்றும் இல்லை. உலகம்மாள்தான் அழுதாள். விளக்கை ஏற்றி டெலிவிஷன் பெட்டி மேலேயே வைத்துவிட்டு, இருட்டுத் திரையைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். தனியாக இருக்கிறாளே என்று நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். கரண்ட் வருமா என்று நான் வாசலுக்குப் போய் வந்ததும் அவளுக்காகத்தான்.

கரண்ட் வந்தபோது யாரோ ஒரு ஆண் நல்லிரவு சொல்லிக்கொண்டிருந்தான். மகா அவலட்சணமான முகம்.

ஜூலை 17, வெள்ளி

ஆடி முதல் தேதியே வெள்ளிக்கிழமை. தெருப் பெண்கள் எல்லாம் அம்மன் கோயிலில் இருக்க வேண்டிய நேரத்தில் நம் வீட்டுக் கூடத்தில் இருந்தார்கள். அழைத்தவள் உலகம்மாள். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. தெருவிலேயே கொடைக்கானல் வருவது நம் வீட்டில் மட்டும்தான் என்பது எல்லோருக்கும் முதல் நாளிலிருந்தே தெரியுமாம். இருட்டிய பிறகு நான் மாடியில் செய்கிற வேலையும் தெரியுமாம். அப்படியானால் இத்தனை நாள் யாருக்காகத் திருப்பினேன் என்று எனக்கே சந்தேகம் வந்தது.

பெட்டியைப் போட்டதும் படம் வந்தது. ஒரு நிமிஷம்கூட இருக்காது, காற்று ஒரு அடி அடித்தது, திரை முழுக்க வெள்ளைப் புள்ளி. மாடிக்கு ஓடினேன். கயிறு அவிழ்ந்து ஆன்டெனா தானாகவே கடல் பக்கம் திரும்பி நிற்கிறது. நான் நன்றாகப் பழக்கிவிட்டிருக்கிறேன். மலைப் பக்கம் திருப்பினேன். கையை எடுத்தால் கடலுக்குப் போகிறது. இறுக்குவதற்குக் கிளாம்பில் மரை இல்லை. குழாயை மார்போடு சேர்த்துக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

தங்கப்பழம் மாடிப்படியில் வந்து நின்றார். உலகம்மாள் கீழே இருந்து சொல்வதை வாங்கி எனக்குச் சொன்னார்.

"தெரியுதா?" என்றேன்.

"சேலை தெரியுது அண்ணாச்சி. தலை இல்ல."

கொஞ்சம் திருப்பினேன். "இப்போ?"

"இப்போ ரெண்டு தலை."

இன்னும் ஒரு மயிரிழை திருப்பினேன். "இப்போ?"

பதில் இல்லை. கீழே அத்தனை பேர் இருக்கிறார்கள், ஒரு சத்தமும் இல்லை. படம் போய்விட்டது என்று நினைத்து மறுபடி திருப்பப் போனேன். கூடத்திலிருந்து எல்லோரும் ஒரே குரலில் வேண்டாம் வேண்டாம் என்று கத்தினார்கள். தங்கப்பழம் படியேறி வந்தார். எப்போதும் மண்டியில் மூட்டை எண்ணுகிற குரலில் பேசுகிறவர், மெதுவாகச் சொன்னார்.

"தெரியுது அண்ணாச்சி. அப்படியே நில்லுங்க. அசையாதிய."

நின்றேன். மண்ணை வாரிக்கொண்டு காற்று அடித்தது. வாயெல்லாம் மண்.

"நெத்தியில பொட்டு இருக்கா?" என்று கேட்டேன்.

அவர் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். "இருக்கு. பெரிய பொட்டு."

"மெலிஞ்சிருக்காளா?"

"அது தெரியல அண்ணாச்சி. டிவியில எல்லாருமே கொஞ்சம் பருத்துத்தான் தெரியுதாவ."

கீழே உலகம்மாள் என்னவோ சொன்னாள். தங்கப்பழம் காதைக் கொடுத்துக் கேட்டுவிட்டுத் திரும்பினார். "பேரு போடுதானாம்."

"அவன் பேரைச் சேத்துப் போட்டிருக்காளா?"

"இல்ல அண்ணாச்சி. முன்னால ஆவன்னா வச்சு காந்திமதின்னு போட்டிருக்கு."

ஆ. காந்திமதி. என் பெயரின் முதல் எழுத்து. கல்யாணமான பெண், புருஷன் பெயரைப் போட்டுக்கொள்ளலாம், யாரும் கேட்கப் போவதில்லை. நாடு முழுக்கப் பார்க்கிற இடத்தில் இவள் என்னை முன்னால் நிறுத்தி வைத்துக்கொண்டு பேசுகிறாள். எனக்கு அழுகை வந்தது. குழாயைப் பிடித்திருந்ததால் துடைக்கவும் கை இல்லை. தங்கப்பழம் தெருவைப் பார்ப்பது போலத் திரும்பிக்கொண்டார். நல்ல மனிதர்.

பிறகு உலகம்மாளே மேலே வந்துவிட்டாள்.

"தள்ளுங்க. நான் புடிக்கேன். இன்னும் ஒருக்க வருவா. நீங்க போய்ப் பாருங்க."

"நான் ஒரு சொல் சொல்லியிருக்கேன் உலகு."

"அதையும் சேத்து நானே புடிச்சுக்கிடுதேன். போங்க."

போனேன். கூடத்தில் வழிவிட்டு நாற்காலி போட்டார்கள். உலகம்மாள் உயரம் போதாது, காற்றும் பலம். நான் உட்காரவும் திரையில் புள்ளியும் கோடுமாக ஓடியது. அதற்குள்ளிருந்து குரல் மட்டும் வந்தது. "நேயர்களே, அடுத்து வருவது விவசாய நிகழ்ச்சி." கடைசி வார்த்தையைக் கொஞ்சம் இழுத்துச் சொன்னாள். பள்ளிக்கூடப் பாடத்தையும் அப்படித்தான் இழுத்து வாசிப்பாள், நான் அதட்டுவேன். எவ்வளவு அதட்டியும் போகவில்லை.

அவ்வளவுதான். நிலக்கடலைக்காரர் வந்துவிட்டார்.

கூடத்தில் ஒருவரும் திரையைப் பார்க்கவில்லை. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் விவசாய நிகழ்ச்சியைக் கடைசிவரை உட்கார்ந்து பார்த்தேன். முகம் தெரியவில்லை. ஆகவே என் சொல்லுக்குப் பங்கமில்லை.

ஜூலை 18, சனி

இரவு முழுக்கத் தூக்கம் வரவில்லை. தோள்பட்டை வலி என்று உலகம்மாளிடம் சொன்னேன். அவள் வலிக்கிற இடம் எது என்று கேட்காமல் தைலத்தை எடுத்துவந்து பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள்.

காலையில் தங்கப்பழம் வந்தார். அடுத்த வெள்ளிக்கிழமை அவரும் மச்சினனும் மாறி மாறிக் குழாயைப் பிடிக்கிறார்களாம், நான் கீழே உட்கார்ந்து பார்க்க வேண்டுமாம்.

"அன்னைக்குத் தெருவுல நின்னு சொன்னது உமக்குத் தெரியாதா?" என்றேன்.

"என்ன சொன்னிய?"

"முகத்துல முழிக்க மாட்டேன்னு."

"அப்படியா சொன்னிய? எனக்கு ஞாபகம் இல்லியே அண்ணாச்சி. தெருவுல வேற யாருக்காவது ஞாபகம் இருக்கான்னு வேணும்னா கேட்டுட்டு வாரேன்."

கேட்டுவிட்டும் வந்தார். ஒருவருக்கும் ஞாபகம் இல்லையாம். என் உத்தியோக காலத்தில் சாட்சி ஒருவன் பிறழ்ந்து பார்த்திருக்கிறேன். ஒரு தெருவே பிறழ்ந்து பார்த்ததில்லை.

ஜூலை 20, திங்கள்

குழாய்க்கு நல்ல கிளாம்பு வாங்கியாக வேண்டும். இசக்கிமுத்து அதே மாதிரி இரண்டு கிளாம்பை எடுத்துப் போட்டான். பார்த்தவுடனே தெரிந்தது, சரிப்படாது. ஏன் என்று கேட்டான். பிடிக்கவில்லை என்றேன். இந்த மாதிரிச் சாமானை மெட்ராஸுக்கே போய், நாலு கடை ஏறி இறங்கி, நேரில் பார்த்து வாங்குவதுதான் முறை. நாளை சாயங்கால ரயிலுக்கு இரண்டு டிக்கெட் எடுத்திருக்கிறேன். உலகம்மாளும் வருகிறாள். கிளாம்பு பார்க்க இரண்டு கண்ணை விட நாலு கண் நல்லது.

நேற்றிலிருந்து அவள் முந்திரிக்கொத்து சுட்டுக்கொண்டிருக்கிறாள். வீடெல்லாம் வறுத்த பயறும் வெல்லப் பாகும் மணக்கிறது. கல்யாணமான முதல் ஆடிக்குப் பெண்ணைப் பெற்றவர்கள் பலகாரமும் துணியுமாகப் போய் அழைப்பது நம் பக்கத்தில் வழக்கம்தான். ஆனால் கிளாம்பு வாங்கப் போகிறவர்களுக்கு இரண்டு தகர டின் நிறைய முந்திரிக்கொத்து எதற்கு, பட்டுச் சேலை எதற்கு? நான் கேட்கவில்லை. வழியில் பசித்தால் ஆகும் என்று நினைத்துக்கொண்டேன்.

மத்தியானம் அவள் தூங்கும்போது துணிப் பையைப் பிரித்துப் பார்த்தேன். சேலை பரவாயில்லை. வேட்டியைப் பார்த்ததும்தான் ஆத்திரம் வந்தது. வீட்டில் கட்டிக்கொள்கிற சாதாரண நாலு முழம். மருமகனுக்கு யாராவது நாலு முழம் கொடுப்பார்களா? வெயிலையும் பார்க்காமல் நானே கடைக்குப் போய், சரிகைக் கரை போட்ட எட்டு முழமாக மாற்றிக்கொண்டு வந்து பையில் வைத்தேன்.